திக்கிய நாவும் 125 முன்னுரைகளும்: இங்கிலாந்தில் ஐந்து நாட்கள்

செப்டம்பர் 2, ஸ்டானிங்ஃபீல்ட்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் என் முறை வந்தது. ‘பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்’ என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்திலேயே உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பின்னால் நின்ற அக்கா மூச்சை இழுப்பது கேட்டது. நான் சிக்கும்போதெல்லாம் சிறு வயதிலிருந்து அவள்தான் வாக்கியத்தை முடித்துவைப்பாள். அதற்குள் சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்திவிட்டேன். ஊரின் பெயர் அதில் எழுதியிருந்தது. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே என் பையில் இப்படி ஒரு சீட்டு இருக்கும்.

இந்தப் பயணத்துக்குக் காரணமும் அந்தச் சீட்டுதான். எலிசபெத் இஞ்ச்பால்ட் என்ற நடிகையைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன்பு படித்தேன். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் நடித்தவர், நாடகங்களும் நாவல்களும் எழுதியவர், திக்குவாய் உள்ளவர். தன் நாவுக்கு வராத சொற்களையெல்லாம் கவனமாகத் தாளில் எழுதி, எங்கே போனாலும் கையோடு கொண்டுபோய், சொல்லிச் சொல்லிப் பழகினாராம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருநூறு வருடங்களுக்கு முன்னால் வேறொரு மொழியில் ஒருத்தி என்னைப் போலவே சீட்டு எழுதி வைத்திருக்கிறாள்! அவர் நடந்த இடங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றே முடிவுசெய்தேன். அக்கா லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருப்பதால் தங்குவதற்குக் கவலை இல்லை.

இப்ஸ்விச்சில் ரயில் மாறி, பெரியில் இறங்கி, சட்பரி போகும் பஸ்ஸைப் பிடித்தோம். பெரிய சாலையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நடை. கோதுமை அறுத்து முடித்த வயல்கள். வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்தின் கோபுரத்தில் மேல்பாதி இல்லை. பழுதடைந்ததால் 19ஆம் நூற்றாண்டில் இறக்கிவிட்டார்களாம். அதனால் மரங்களுக்கு மேலே தலை தெரியாமல், குட்டையாக, வீட்டுப் பிள்ளை போல நிற்கிறது.

1753 அக்டோபர் 15ஆம் தேதி இந்த ஊரில் சிம்ப்சன் என்ற விவசாயியின் வீட்டில் எலிசபெத் பிறந்தார். ஆனால் அவர் குடும்பம் இந்தத் தேவாலயத்தில் வழிபட்டிருக்காது. அவர்கள் கத்தோலிக்கர்கள். கத்தோலிக்க வழிபாட்டைச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தது 1791இல்தான். அதுவரை பூசை நடந்தது பக்கத்திலுள்ள கோல்டாம் ஹால் போன்ற பெரிய வீடுகளுக்குள்ளே. நாடாளுமன்றத்தை மன்னரோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் தீட்டிய 1605இன் வெடிமருந்துச் சதியில் சேர்ந்து, அடுத்த ஆண்டு தூக்கு மேடை ஏறிய ஆம்ப்ரோஸ் ரூக்வுட்டின் குடும்ப வீடு அது. இன்றும் தனியார் சொத்து. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஊரோடு ஒட்டாத குடும்பம், வாயோடு ஒட்டாத சொல். இரண்டும் சேர்ந்து ஒரு பெண் குழந்தையை எவ்வளவு மௌனமாக்கியிருக்கும் என்று கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மௌனமாகவில்லை. உலகத்தைப் பார்க்காமல் வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று 13 வயதிலேயே சொன்னாராம். பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. தம்பியோ அண்ணனோ என்று பாராமல் அந்தக் காலத்து வீடுகளில் ஆண் பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம். ஏழு வருடம் பள்ளிக்குப் போன சகோதரன் ஜார்ஜுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வரவில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத தனக்கும் தன் சகோதரிகளுக்கும் சிறு வயதிலேயே வந்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்க்கிறவன் நான். அந்த வரியில் இருக்கும் பெருமிதம் எனக்கு நன்றாகவே புரியும்.

ஜார்ஜ் 1770இல் நார்விச் நாடகக் குழுவில் நடிகனாகச் சேர்ந்தார். எலிசபெத் அந்தக் குழுவின் நிர்வாகிக்கு வேலை கேட்டு எழுதினார், கிடைக்கவில்லை. 1772 ஏப்ரலில், 18 வயதில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், ஒரு பெட்டியில் நாலு துணியைப் போட்டுக்கொண்டு லண்டன் போகும் குதிரை வண்டியில் ஏறிவிட்டார். நாங்கள் திரும்ப பஸ்ஸுக்காக நின்றதும் அதே திசையில் போகும் சாலையில்தான்.

செப்டம்பர் 4, பிரிஸ்டல்

இன்றைய தேதிக்காகத்தான் பயணத்தையே இப்படி அமைத்தேன். 1772 செப்டம்பர் 4ஆம் தேதி எலிசபெத் முதன்முதலாக மேடையேறியது இந்த ஊரில்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் தனியாக அலைந்த அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு நடிகர் அத்துமீறியபோது, பக்கத்திலிருந்த வெந்நீரை எடுத்து அவர் முகத்தில் ஊற்றினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த ஊரில் துணை இல்லாமல் இருக்க முடியாது என்பது சில வாரங்களிலேயே தெளிவாகியிருக்க வேண்டும். ஜூன் மாதம் ஜோசப் இஞ்ச்பால்ட் என்ற நடிகரை மணந்துகொண்டார். ஜோசப்புக்கு ஏறக்குறைய இருமடங்கு வயது. மூன்றே மாதத்தில் பிரிஸ்டல் மேடையில் ‘லியர் மன்னன்’. கணவர் லியர், மனைவி கார்டீலியா.

கிங் ஸ்ட்ரீட்டில் உருண்டைக் கற்கள் பதித்த தெரு. 1766இல் திறந்த அந்த நாடக அரங்கம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலம் பேசும் உலகில் இடைவிடாது இயங்கிவரும் அரங்குகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். அரச உரிமம் இல்லாமல் நாடகம் போடக் கூடாது என்ற சட்டம் இருந்த காலம்; ஆகவே திறப்பு விழாவை ‘இசைக் கச்சேரியும் பேச்சுக் கலைக்கு ஒரு மாதிரியும்’ என்று விளம்பரம் செய்தார்கள். பேச்சுக் கலைக்கு மாதிரி! அந்த மேடையில்தான் பேச்சு சிக்கும் ஒரு பெண் வந்து நின்றார்.

சுற்றிக் காட்டும் குழுவோடு உள்ளே போனோம். வாசல் பக்கமெல்லாம் புதிதாகக் கட்டியது. கதவைத் தள்ளி அரங்குக்குள் நுழைந்ததும் காலம் மாறிவிடுகிறது. குதிரை லாட வடிவில் மூன்று பக்கமும் மாடங்கள் வளைந்து வருகின்றன. நான் நினைத்ததைவிட எவ்வளவோ சிறியது. மேடையில் நிற்பவருக்கு முதல் வரிசையில் இருப்பவரின் கண் இமைப்பதுகூடத் தெரியும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய இருட்டான கூடத்தில் பேசுவது எங்களுக்கு ஓரளவு எளிது, முகங்கள் தெரியாது. இங்கே அன்று விளக்குகளை அணைக்கும் வழக்கமும் இல்லை. பார்ப்பவர்கள் மேலும் மெழுகுவர்த்தி வெளிச்சம். ஒவ்வொரு முகமும், ‘இவள் சொல்வாளா?’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு புருவமும், அவர் கண்ணில் பட்டிருக்கும்.

மேல்தளத்தில் கூரைக்கு அடியில் மரத்தால் செய்த ஓடை ஒன்று இருக்கிறது. அதில் குண்டுகளை உருட்டிவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடி இடிப்பது போலக் கேட்கும். அரங்கத்தின் 250ஆவது ஆண்டான 2016இல் அதைப் பழுதுபார்த்து, லியர் நாடகத்தின் புயல் காட்சிக்கே மறுபடி உருட்டினார்களாம். வழிகாட்டி இதைச் சொன்னபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் மேடையின் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்டீலியாவின் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். கிழ மன்னன் மூன்று மகள்களிடமும் ‘என்மேல் உனக்கு எவ்வளவு அன்பு?’ என்று கேட்கிறான். அக்காமார் இருவரும் பொரிந்து தள்ளுகிறார்கள். இளையவளுக்குச் சொல்ல வரவில்லை. அவள் சொல்லும் பதில் ‘ஒன்றுமில்லை’. சரளமாகப் பேசத் தெரியாததற்காக ராஜ்யத்தை இழக்கும் பெண்ணின் பாத்திரம் இது. முதல் முதலாக மேடையேறும் திக்குவாய்ப் பெண்ணுக்கு இதைக் கொடுத்தது தற்செயலாகவே இருக்கலாம். என்னால் அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை.

ஒரு விவரம்: அவர்கள் நடித்தது ஷேக்ஸ்பியர் எழுதியபடி இருந்திருக்காது. நேஹம் டேட் 1681இல் மாற்றி எழுதிய பிரதிதான் அந்த நூற்றாண்டு முழுக்க மேடைகளை ஆண்டது. அதில் கார்டீலியா சாவதில்லை. எட்கரை மணந்துகொள்கிறாள், லியருக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிழவன் அலறும் காட்சியை நெஞ்சில் வைத்திருக்கும் நமக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த இரவில், அந்தப் பெண்ணுக்கு, உயிரோடு முடியும் கார்டீலியா கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே.

வெளியே வந்ததும் ஒரு கடையில் டீ கேட்கப் போனேன். சொல் சிக்கியது. அக்காவின் வாய் அசைந்தது. “அக்கா, கொஞ்சம் பேசாமல் இரு” என்றேன். எவ்வளவோ வருடங்களில் நான் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. டீ குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு ரயிலில், “உனக்கு உதவி என்றுதானே செய்தேன் தம்பி” என்றாள். “தெரியும் அக்கா” என்றேன். தெரியும்தான்.

செப்டம்பர் 5, லீட்ஸ்

நீண்ட ரயில் பயணம், மழை, குறுகிய தங்கல். ஜோசப் இங்கேதான் 1779 ஜூனில் திடீரென்று இறந்தார். திருமணமாகி ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் ஸ்காட்லாந்து, லிவர்பூல், மான்செஸ்டர், யார்க் என்று ஊர் ஊராக நாடக வண்டியின் பின்னால் ஓட்டம். 1776இல் பிரான்சுக்குப் போனார்கள். ஜோசப்புக்கு ஓவியம் வரைந்து பிழைக்க ஆசை. நடக்கவில்லை. வெறும் கையோடு திரும்பி பிரைட்டனில் வந்து இறங்கியபோது சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வயலில் இறங்கி டர்னிப் கிழங்கைத் தின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் லிவர்பூலில் சாரா சிடன்ஸ், அவருடைய தம்பி ஜான் பிலிப் கெம்பிள் ஆகியோரின் நட்பு கிடைத்தது. இருவரும் பின்னாளில் லண்டன் மேடையின் சிகரங்கள். ஜோசப்பின் கல்லறைக்கு லத்தீன் வாசகம் எழுதியவர் கெம்பிள். எலிசபெத்துக்கு அப்போது 25 வயது. பலர் கேட்டும் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

செப்டம்பர் 6, லண்டன்

கவென்ட் கார்டனில் அவர் நடித்த கட்டடம் இல்லை. 1808இல் எரிந்தது, மறுபடி கட்டியது 1856இல் எரிந்தது, இன்று நிற்பது 1858இல் எழுந்த ஓபரா மாளிகை. 1780 அக்டோபரில் எலிசபெத் லண்டன் பார்வையாளர்களுக்கு முன் முதலில் நின்றது இங்கே. ஆனால் பெரிய நடிகை என்று பெயர் வாங்கவில்லை. உயரமானவர், அழகி, உழைப்பாளி, அவ்வளவுதான் சொன்னார்கள். சிறு பாத்திரங்கள், சிறு சம்பளம். இரவு நடிப்பு, பகலில் எழுத்து. எழுதியவற்றை நிர்வாகிகளுக்கு அனுப்பினார். திரும்பி வந்தன. மறுபடி எழுதினார்.

ஹேமார்க்கெட்டுக்கு மதியம் போனோம். இப்போதுள்ள தூண் வைத்த அரங்கம் 1821 ஜூலையில் திறந்தது. பழைய சிறு அரங்கம் அதன் பக்கத்திலேயே இருந்தது. அங்கே 1784 ஜூலை 6ஆம் தேதி ‘மொகலாயக் கதை’ என்ற அவருடைய சிறு நகைச்சுவை நாடகம் மேடையேறியது. அரங்கத்தின் நிர்வாகி ஜார்ஜ் கோல்மன் 100 கினி கொடுத்து வாங்கியிருந்தார். முந்தின வருடம்தான் பிரான்சில் மாண்ட்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன் பறந்திருந்தது. ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. எலிசபெத் அந்தப் பலூனில் லண்டனைச் சேர்ந்த ஒரு செருப்புத் தைப்பவரையும் அவர் மனைவியையும் ஒரு டாக்டரையும் ஏற்றி, மொகலாயப் பேரரசரின் அந்தப்புரத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்.

சிரிக்க வைக்கும் கதை. ஆனால் அதன் முடிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிடிபட்ட மூவரும் தலை போகப் போகிறது என்று நடுங்குகிறார்கள். பேரரசர் மன்னித்து அனுப்புகிறார். தன் கருணைக்கு அவர் சொல்லும் காரணம்: ஏழை இந்துக்களிடம் உங்கள் நாட்டார் காட்டிய கொடுமையைப் பார்த்துத்தான் கொடுங்கோன்மை எவ்வளவு அருவருப்பானது என்று தெரிந்துகொண்டேன், ஆகவே இனி இரக்கத்தோடும் நீதியோடும் நடப்பதென்று முடிவுசெய்தேன். 1784 அது. கிழக்கிந்திய கம்பெனியைக் கட்டுப்படுத்தும் பிரதமர் பிட்டின் சட்டம் நிறைவேறிய ஆண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை தொடங்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத சஃபோக் விவசாயியின் மகள், சிரிக்க வந்த லண்டன்காரர்களுக்கு முன்னால் இந்த வரியை வைத்தார். நாடகத்தில் அவர் காட்டும் அந்தப்புரம் கற்பனைச் சரக்குதான், மறுக்கவில்லை. அந்த ஒரு வசனத்துக்காக நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

முதல் நாள் இரவில் அவரும் நடித்தார். எழுதியவர் யார் என்பது வெளியே தெரியாது. தன் நாடகம் வெல்லுமா தோற்குமா என்ற பதற்றத்தில் உறைந்து நின்றுவிட்டார் என்றும், ‘ஹைட் பார்க் கார்னர்’ என்ற தன் வசனம் கடைசியில் துண்டு துண்டாக வெளியே வந்தது என்றும் சொல்கிறார்கள். தான் எழுதிய சொல்லே தன் வாயில் சிக்கியது. நான் அந்த நடைபாதையில் நின்று மனதுக்குள் அந்த மூன்று சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் ‘பார்க்’கில்தான் நிற்கும்.

நாடகம் வென்றது. அதற்குப் பின் அவர் எழுதியவை வரிசையாக மேடையேறின. 1787இல் வந்த ‘இப்படியும் நடக்கிறது’, சிறைச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹோவர்டை மனதில் வைத்து, சுமத்ராவில் நடப்பதாக எழுதியது. 1789இல் நடிப்பை விட்டார். 1791இல் ‘ஓர் எளிய கதை’ என்ற நாவலுக்கு 200 பவுண்டு கிடைத்தது. 1798இல் ஜெர்மன் நாடகாசிரியர் கோட்செபுவைத் தழுவி எழுதிய ‘காதலர் உறுதிமொழிகள்’ 42 இரவுகள் ஓடியது. ஜேன் ஆஸ்டன் தன் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் வீட்டு இளைஞர்கள் கூடி ஒத்திகை பார்ப்பதாக எழுதியிருப்பது இந்த நாடகத்தைத்தான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சிந்தனையாளர் வில்லியம் காட்வின் அவருக்கு நெருங்கிய நண்பர். 1797இல் காட்வின், பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டை மணந்தபோது, மேரியின் முந்தைய வாழ்க்கையைக் காரணமாக்கி எலிசபெத் உறவை முறித்தார். அரங்கத்தில் மற்றவர்கள் முன்னிலையில் மேரியை அவமதித்தார். அதே வருடம் மேரி பிரசவம் முடிந்த சில நாட்களில் இறந்தார். அப்போதும் எலிசபெத்தின் கடிதங்களில் ஈரம் இல்லை. தனியாக வாழும் நடிகைக்கு நற்பெயர்தான் கூரை என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இது நெருடுகிறது.

செப்டம்பர் 7, கென்சிங்டன்

கடைசி நாள். எலிசபெத் தன் இறுதி வருடங்களைக் கழித்த கென்சிங்டன் ஹவுஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே 1821 ஆகஸ்ட் 1ஆம் தேதி இறந்தார். ஹேமார்க்கெட்டில் புதிய அரங்கம் திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எழுத்தால் அவர் சம்பாதித்தது கொஞ்சமல்ல. வாழ்ந்தது மட்டும் சிறு அறைகளில். தரையைத் தானே துடைப்பார், தண்ணீரைத் தானே தூக்குவார். பணம் சகோதரிகளுக்குப் போயிற்று. ஒரு குளிர்காலத்தில் தன் அறையில் நெருப்பு மூட்டாமல் குளிரில் அழுதபடி இருந்தாராம். தினமும் காலையில் நோயாளி அக்காவின் அறையிலாவது நெருப்பு மூட்டிவிடுவார்கள் என்ற நினைப்பே ஆறுதலாக இருந்ததாம். இதை நான் படித்துச் சொன்னபோது என் அக்கா ரயில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாவற்றிலும் என்னை ஈர்ப்பது அவர் 1806இலிருந்து 1809வரை செய்த வேலை. லாங்மன் பதிப்பகம் ‘பிரிட்டிஷ் தியேட்டர்’ என்று 25 தொகுதிகள் வெளியிட்டது. மொத்தம் 125 நாடகங்கள். ஒவ்வொன்றுக்கும் எலிசபெத் முன்னுரை எழுதினார். ஷேக்ஸ்பியரிலிருந்து தன்னோடு நடித்தவர்கள் எழுதியதுவரை. நாடகங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர் அல்ல. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய கெடு தலைக்கு மேல் நிற்கும். பெண் ஒருத்தி நாடக விமர்சகராக உட்கார்ந்து, உயிரோடிருக்கும் ஆண் ஆசிரியர்களின் குறைகளைப் பெயர் போட்டு எழுதியது அந்தக் காலத்தில் அரிய காரியம். இளைய கோல்மனுக்குக் கோபம் வந்தது. தன் அப்பா வாய்ப்புக் கொடுத்து வளர்த்த பெண் இப்படி எழுதலாமா என்று 1808இல் கடிதம் எழுதினார். எலிசபெத் பணிவான குரலில் ஊசி வைத்துப் பதில் எழுதினார். இரண்டு கடிதங்களும் அச்சேறின. நேருக்கு நேர் என்றால் கோல்மன் முதல் வாக்கியத்திலேயே அவரை மடக்கியிருக்கலாம். தாளில் யாரும் அவர் வாக்கியத்தை முடித்துவைக்க முடியவில்லை.

தன் வாழ்க்கையையும் எழுதிவைத்திருந்தார். பதிப்பாளர் ஒருவர் 1000 பவுண்டு தருவதாகச் சொன்ன பிரதி அது. பாதிரியார் ஒருவரின் ஆலோசனைப்படி அதை அழித்துவிட்டார். அச்சுத்தாள்களோடு வாழ்கிற எனக்கு இது ஆறாத வலி. சில வருடங்களின் நாட்குறிப்புகள் மட்டும் தப்பின.

செயின்ட் மேரி ஆபட்ஸ் தேவாலயத்தின் வளாகத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். இன்றைய தேவாலயம் 1872இல் கட்டியது; ஊசிக் கோபுரம் தெருவுக்கு மேலே வெகு உயரத்துக்குப் போகிறது. ஸ்டானிங்ஃபீல்டின் பாதிக் கோபுரம் நினைவுக்கு வந்தது. தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பெரும்பாலான கற்களில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. அவர் பெயர் எங்கள் கண்ணில் படவில்லை.

உள்ளே பூக்களை மாற்றிக்கொண்டிருந்த வயதான பெண்மணி, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். என் பையில் சீட்டு இருந்தது. எடுக்கவில்லை. “இஞ்ச்...” என்று தொடங்கினேன். நடுவில் இருக்கும் அந்த எழுத்து உதட்டில் ஏறி நின்றுகொண்டது. அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியின் வண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போயிற்று. “பால்ட்” என்றேன். “நடிகை. எழுத்தாளர்.”

கேள்விப்பட்டதில்லை, பிறகு விசாரித்துப் பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் ஒரு துண்டறிக்கையின் பின்புறத்தில் பெயரைக் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ‘எச்’ விட்டுப்போயிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, ‘சி’க்கும் ‘பி’க்கும் நடுவே ஒரு கூரைக்குறி போட்டு, மேலே அந்த எழுத்தை எழுதிக் கொடுத்தேன்.